ஜன்னலை வெளுக்க விட்டவள்

எர்மோ: ஏம்மா யோவானா, என் வீட்டு ஜன்னலுக்கு வெளியே உலகமே இல்லையா?

யோவானா: உட்காருங்க தோன் எர்மோ. எந்த ஜன்னல்?

எர்மோ: வீடு விக்கிற விளம்பரத்துக்கு நீ சரிபண்ணிப் போட்ட கூடத்துப் படம். சோபா தெரியுது, தரையில விரிசல்கூடத் தெரியுது. ஜன்னல்ல மட்டும் சுண்ணாம்பு. மிஸ்தி மலை தெரியுமான்னு வாங்கறவன் கேக்கறான்.

யோவானா: நம்ம அரெகிபா ஊர்ல எந்த ஜன்னல்ல மலை தெரியாது? வெயில் அப்படி...

எர்மோ: மழுப்பாதே. இருட்டா, வெளிச்சமான்னு அஞ்சு படம் எடுத்துச் சேர்த்தா கூடமும் வெளியேயும் ரெண்டும் தெரியும்னு கேமராக்காரர் சொன்னாரே?

யோவானா: சேர்த்தேன். அதுக்கு எச்.டி.ஆர்.னு பேரு. அதுல நிழலும் இருந்துச்சு, வெயிலும் இருந்துச்சு. ஆனா விளம்பரத்துல அது ஏறாது. பிட்மேப்புன்னு சாதாரணப் படமா மாத்தணும். அதுல வெள்ளைக்கு மேல வெள்ளை கிடையாது. மிஞ்சின வெளிச்சத்தை வெட்டிடும்.

எர்மோ: திருப்பி மாத்தேன்.

யோவானா: மாத்திப் பாத்தேன். ஃபைல்தான் நாலு மடங்கு பெருத்துச்சு. ஜன்னல் அதே வெள்ளை.

எர்மோ: தண்ணி குடிச்சு வயித்தை ரொப்பின மாதிரி.

யோவானா: அதேதான்.

எர்மோ: அப்ப அந்த முதல் ஃபைல்?

யோவானா: அழிச்சிட்டேன்... டிஸ்க்ல இடமில்ல.

எர்மோ: அஞ்சு படமும்?

யோவானா: அஞ்சும். மன்னிச்சிருங்க. மறுபடி எடுக்கச் சொல்றேன். மலை எங்க போயிடப் போகுது?

எர்மோ: மலைக்கு இல்லம்மா... அன்னிக்குத்தான் என் சோராய்தா வீட்டை விட்டுப் போனா.

யோவானா: படம் எடுத்த அன்னிக்கா?

எர்மோ: கேமராக்காரர் படம் எடுத்துக்கிட்டிருக்கும்போதே பெட்டியோட அந்த ஜன்னலுக்கு வெளியே முற்றத்துல இறங்கினா. நான் கேமராவுக்குப் பின்னாடி, சுவரைப் பாத்துக்கிட்டு நின்னேன்.

யோவானா: கூப்பிடலையா?

எர்மோ: முப்பத்தொரு வருஷப் பெண்டாட்டி. அவளே திரும்பட்டும்னு வீம்பு. திரும்பிக்கூடப் பாக்காம போயிட்டான்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன். அதை ஒரு தடவை அந்தப் படத்துல கண்ணால பாத்துட்டா போதும், நாளைக்கு நோட்டரிகிட்ட நிம்மதியா கையெழுத்து போட்டுடுவேன். ஒரு தட்டு வச்சுச் சாப்பிட அவ்வளவு பெரிய வீடு எதுக்கு?

யோவானா: பாக்காமதான் போனாங்கன்னு வச்சுக்கங்களேன்.

எர்மோ: வச்சுக்கறதா? ... நீ பாத்தியா?

யோவானா: டீ போடட்டுமா, தோன் எர்மோ?

எர்மோ: அழிச்சிட்டேன்னு சொன்னப்பவே நீ என் முகத்தைப் பாக்கல.

யோவானா: அழிக்கல. படத்துல அவங்களைப் பாத்ததுக்கு அப்புறம்தான், உங்க மனசு நோகுமேன்னு ஜன்னலை வேணும்னே வெளுக்க விட்டேன். அந்தக் கேமராக்காரர் ஒவ்வொரு படத்துக்கும் கையால திருகி வைக்கிறவர். அஞ்சு முடிய ஒரு நிமிஷம் ஆகும். அதுக்குள்ள நடந்து போற ஆள், சேர்த்த படத்துல புகை மாதிரி கலைஞ்சு விழுவாங்க. அவங்க கலையல. அஞ்சுலயும் ஒரே இடம். ஒரு கை வாசல் கதவுமேல, முகம் உங்க கூடத்துப் பக்கம். நீங்க வெளியே வருவீங்கன்னு நின்னிருக்காங்க... இருங்க, எங்க எந்திரிச்சிட்டீங்க? தோன் எர்மோ... தோன் எர்மோ, படிக்கட்டு பாத்து...