பதினொன்று நாற்பது

எனக்கு வயது ஐம்பத்தெட்டு. கம்பெனி நகரியம், மூன்றாம் வரிசை, பதினேழாம் எண் வீட்டில் இப்போது தனியாக வசிக்கிறேன். முப்பத்தோரு வருடமாகக் கம்பெனியின் பிறப்பு இறப்புப் பதிவு எழுத்தர். நகரியத்துக்குள் காவல், பள்ளிக்கூடம், இடுகாடு எல்லாமே கம்பெனியுடையவை. அரசாங்கம் மெயின் கேட்டுக்கு வெளியேதான்.

சென்ற மாதம் நான்காம் தேதி பகல் பன்னிரண்டு மணியோடு கம்பெனி முத்திரை செல்லாது என்று அரசாங்கம் உத்தரவு போட்டது. அரசாங்கப் பதிவாளர் உள்ளே வராதபடி கம்பெனி கேட்டைப் பூட்டியது. வழக்கு முடியும்வரை பன்னிரண்டுக்குப் பிந்தைய எதற்கும் முத்திரை போடக் கூடாது என்று மானேஜர் எனக்கு எழுதிக் கொடுத்தார். ஆக, அன்று மதியத்துக்கு மேல் எங்கள் ஊரில் யாருக்கும் பிறக்கவும் வழியில்லை, சாகவும் வழியில்லை.

அன்று பன்னிரண்டு இருபதுக்குக் கம்பெனி ஆஸ்பத்திரியில் என் மனைவி இறந்தாள். அதன் பிறகு இடுகாட்டுக்குப் போனேன். ஒன்பது வயதில் போன எங்கள் மகள் அங்கே இருக்கிறாள்; பக்கத்தில் ஓர் இடம் விட்டு வைத்திருந்தோம். காவலர், "முத்திரைச் சீட்டு இல்லாம குழி வெட்ட முடியாதுங்க, என் வேலை போயிடும்" என்றார். அதன் பிறகு அரசாங்க அலுவலகத்துக்குப் போன் செய்தேன். "பாடிய வெளிய கொண்டாந்து பொது இடுகாட்டுல அடக்கம் பண்ணிக்குங்க" என்று வைத்துவிட்டார்கள்.

அதன் பிறகு அலுவலகத்தைத் திறந்து, பதிவேட்டில் பதினொன்று நாற்பது என்று நானே எழுதி முத்திரை போட்டேன். அந்தச் சீட்டைக் காட்டி அவளை மகளுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தேன். "எல்லார் சாவையும் கோழி கிறுக்குன மாதிரி எழுதுறீங்க, என்னுதையாவது அழகா எழுதுங்க" என்று என் மனைவி கேலி செய்வாள். அழகாக எழுதினேன். அந்த ஒரு வரி தனியாகத் தெரிந்ததால்தான் நர்ஸ் நேரம் குறித்த தாளோடு ஒப்பிட்டுப் பார்த்ததாக விசாரணை அதிகாரி சொன்னார்.

பதினொன்று நாற்பதே சரி என்று சாதிக்கும்படி கம்பெனி வக்கீல் சொல்லிக் கொடுத்தார். என்னால் முடியவில்லை. அந்த நாற்பது நிமிடமும் அவள் உயிரோடு இருந்தாள். ஃபேனைக் குறைக்கச் சொன்னாள், குறைத்தேன். மகளின் இடத்தில் புல் பிடுங்கினேனா என்று கேட்டாள், பிடுங்கியதாகப் பொய் சொன்னேன். அதற்குப் பிறகு என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

எனக்கு எந்தத் தண்டனையும் கொடுங்கள். அவளை மட்டும் தோண்டி எடுக்க வேண்டாம்.

இந்த வாக்குமூலத்தை வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. இந்த முறை நேரம் உட்பட எல்லாம் உண்மை.

(கையொப்பம்)