தியோடர் கண்டக்டரின் சுருதி

இந்தக் கூட்டத்தை ஜெபத்தோடு தொடங்கிவைத்த போதகர் ஐயா அவர்களே, பாடகர் குழுவை இத்தனை வருடமாகக் கட்டிக் காத்துவரும் இன்பசேகரன் ஐயா அவர்களே, ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இன்றைக்கு மேடை நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் டிரைவர் கிருஷ்ணப்பா அவர்களே, முன்வரிசையில் இருக்கும் எங்கள் தபீதாள் அத்தை அவர்களே, சித்தூர் சபையின் பெரியோர்களே, புத்தலப்பட்டிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் உறவுகளே, எல்லோருக்கும் வாலிபர் சங்கத்தின் செயலாளர் நேசகுமாரின் ஸ்தோத்திரம்.

நான் பேசப்போகிறேன் என்றதும் என் நைனா ஒரே ஒரு புத்திமதி சொன்னார். "வாயை அடக்கிப் பேசுடா." வாயை அடக்கிக்கொண்டு எப்படிப் பேசுவது? அதுவும் யாரைப் பற்றி? பிறந்த நாளிலிருந்து தன் குரலை ஒரு தடவையும் அடக்கியிராத, நாமெல்லாம் சேர்ந்து போன வாரம் அடக்கம் செய்த, கண்டக்டர் தியோடர் மாமாவைப் பற்றி.

அந்த அடக்கத்தில் என்ன நடந்தது என்று உங்களில் பாதிப் பேருக்குத்தான் தெரியும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் நின்றவர்களுக்கு இந்தப் பக்கம் நடந்தது தெரியாது. இந்தப் பக்கம் நின்றவர்களுக்கு அந்தப் பக்கம் நடந்தது தெரியாது. கட்டிய கணவர்மேல் கடைசியாக ஒரு பிடி மண் போடுகிற பாக்கியம் அன்றைக்கு அத்தையின் கையைவிட்டு நழுவ இருந்தது. அது ஏன் நழுவ இருந்தது, எப்படித் திரும்பக் கிடைத்தது என்று சொல்லத்தான் வந்தேன்.

அதற்கு முன்னால் மாமாவின் குரலைப் பற்றி ஒரு வார்த்தை. உள்ளதைச் சொல்லவேண்டும் அல்லவா? மாமா வேதத்தில் சங்கீதம் வாசிப்பார், பாட்டில் சங்கீதம் வராது. அவர் முதல் அடியை எடுத்தால் மணிக்கூண்டுப் புறாக்கள் ஆராதனை முடிகிற வரைக்கும் திரும்பி வராது. எதிர்த்த ஹோட்டலில் ரேடியோவை நிறுத்திவிடுவார்கள். பக்தியால் நிறுத்தினார்கள் என்று நான் சின்ன வயதில் நினைத்துக்கொண்டிருந்தேன். நாமெல்லாம் இரண்டாம் அடியில் தடவிக்கொண்டிருக்கும்போது அவர் மூன்றாம் அடிக்குப் போய், அங்கே நமக்காகக் காத்துக்கொண்டு நிற்பார். பஸ்ஸில் வேலை செய்தவர் இல்லையா? முன்னாடியே போய்ச் சேருவதுதான் அவருக்குப் பழக்கம்.

இன்பசேகரன் ஐயா ஆர்மோனியத்தில் கை வைத்தபடியே கெஞ்சுவார். "தியோடரு, கொஞ்சம் மெதுவா."

"இது மெதுவுதான் ஐயா," என்பார் மாமா.

கிறிஸ்மஸ் மர விழாவில் நான் மேடையேறி அவர் மாதிரியே பாடிக் காட்டினேன். சபையே விழுந்து விழுந்து சிரித்தது. மாமா முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, "நல்லா இருந்துதுடா நேசா. ஆனா சத்தம் பத்தல. கடைசி பெஞ்சுல கிழவிங்க குந்திக்கினு இருக்காங்க, அவங்களுக்குக் கேக்க வாணாமா?" என்றார். கேலி செய்தவனுக்கே பாடம் எடுத்த மனிதர் அவர். கோபித்துக்கொண்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கிருஷ்ணப்பா அவர்கள் ஒரு சம்பவம் சொன்னார். திருப்பதி போகும் வழியில், புத்தலப்பட்டுக்கு இந்தப் பக்கம், பஸ்ஸின் ஹாரன் செத்துப்போனது. எதிரே கரும்பு வண்டிகள், நடுரோட்டில் எருமைகள், பஸ் நிறைய மலைக்கு மொட்டை போடப் போகிறவர்கள். மாமா என்ன செய்தார்? படியில் தொங்கிக்கொண்டு பாட ஆரம்பித்தார். வண்டிகள் ஒதுங்கின. எருமைகள் ஒதுங்கின. எதிரே வந்த ஒரு லாரியே ஒதுங்கியது. உள்ளே ஒரு பெரியவர், "ஏமய்யா கண்டக்டரு, டிக்கெட்டு அடிகினாவு, இச்சினாமு. மா செவுலு கூடா காவாலா?" என்றாராம். டிக்கெட் கேட்டாய், கொடுத்தோம், எங்கள் காதுகளும் வேண்டுமா என்று. அதற்கும் மாமா சிரித்தாராம். திருப்பதி பஸ் ஸ்டாண்டில் மொத்த பஸ்ஸும் பத்திரமாக இறங்கியது. டிப்போவில் ஹாரனைச் சரிசெய்ய வந்தவரிடம் கிருஷ்ணப்பா, "அவசரமில்ல, நிதானமா செய்யுங்க. எனக்கு வேற ஒண்ணு இருக்குது," என்றாராம்.

சரிதானே டிரைவரே? தலையை ஆட்டுகிறார்.

பெரியோர்களே, நம் சபையில் ஒருவர் இறந்தால் பெட்டியைத் தோளில் சுமந்து, பஜார் வழியாகப் பாடிக்கொண்டே நடந்து போகிறோம். பெட்டியோடு ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால். முன்னால் ஓர் அடி எடுத்துக் கொடுத்தால் பின்னால் வாங்கிப் பாடவேண்டும். வெல்ல மண்டி வண்டிச் சத்தத்தில் முன்னால் பாடுவது பின்னால் எப்படிக் கேட்கும்? மாமா இருந்தவரை கேட்டது. யார் செத்தாலும் லீவு போட்டுவிட்டு வந்து, ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவில் நடப்பார். முன்னால் எடுப்பதைப் பின்னாலே தள்ளுவார். பாட்டை மட்டுமா? சபை வாசலில் சொல்லும் அறிவிப்பையும் பஸ் ஸ்டாண்டில் கூவுவதுபோலத் திருப்பிக் கூவுவார். "எல்லாரும் மெயின் ரோடு வழியா, மெயின் ரோடு, மெயின் ரோடு." துக்க வீட்டில் இதென்ன கூச்சல் என்று நாம் முகம் சுளித்தோம். அந்தக் கூச்சலைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தோம் என்பது நமக்குத் தெரிந்ததா? தெரியவில்லை.

போன வாரம் தெரிந்தது.

மழையில் பழைய கல்லறைத் தோட்டத்துப் பள்ளத்தில் தண்ணீர் ஊறிவிட்டது. அதனால் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் புது இடத்துக்குப் போகலாம் என்று கடைசி நேரத்தில் முடிவானது. வாசலில் இன்பசேகரன் ஐயா அதை அறிவித்தார். எப்படி? துக்கத்துக்கு ஏற்ற குரலில், தாழ்மையாக, இனிமையாக. பெட்டிக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்டது. திருப்பிக் கூவவேண்டியவர் பெட்டிக்குள் இருந்தார்.

மண்டி முனையில் வெல்ல வண்டிகள் குறுக்கே வந்து ஊர்வலத்தை இரண்டாக வெட்டின. நாங்கள் பாலத்தைத் தாண்டிவிட்டோம். அத்தையும் பெண்களும், காலங்காலமாகப் போன வழியில், ஊர்ப்பக்கத்து ஆற்றோரத்தில் இருக்கும் பழைய கல்லறைக்குப் போய்விட்டார்கள். அங்கே கேட்டில் பூட்டு.

புது இடம் ஆற்றோர மண். பள்ளம் வெட்டிய சின்னப்பன், "ஐயா, பக்கம் சரியுது. சீக்கிரம் இறக்குங்க. இல்லாங்காட்டி பெட்டிய இறக்க முடியாது," என்றார். அத்தையைத் தேடிப் பாலத்துப் பக்கம் ஓடியவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. போதகர் ஐயா வானத்தைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார், புத்தகத்தைத் திறந்தார். இறக்குகிற கயிற்றில் ஒரு முனை என் கையில். அத்தை இல்லாமலே இறக்கப்போகிறோம்.

அப்போது பாட்டுக் கேட்டது.

அதே உச்சம். அதே தப்பான சுருதி. ஓர் அடி முன்னால் ஓடுகிற அதே அவசரம். எதிர்ப்பக்கத்துக் கயிற்றைப் பிடித்திருந்த கிருஷ்ணப்பா முகம் வெளுத்து, "ஒரேய், இது தியோடர்ரா," என்று பெட்டியைப் பார்த்தார். பொய் சொல்லமாட்டேன், நானும் பெட்டியைத்தான் பார்த்தேன். போதகர் ஐயாவும் பார்த்தார்.

குரல் பெட்டியிலிருந்து வரவில்லை. ஆற்று மணலைத் தாண்டி, ஊர்ப்பக்கத்துக் கரையிலிருந்து வந்தது. பூட்டிய கேட்டுக்கு முன்னால் நின்று தபீதாள் அத்தை பாடிக்கொண்டிருந்தார்.

எந்த அத்தை? இத்தனை வருடத்தில் கோயிலில் உதட்டைப் பிரிக்காத அத்தை. "ஏன் அத்தை நீங்க பாடறதில்ல?" என்று நான் கேட்டதற்கு, "ஒரு வூட்டுக்கு ஒருத்தர் போதாதா?" என்று சிரித்த அத்தை.

நாங்கள் திருப்பிப் பாடினோம். மெல்லப் பாடினால் ஆறு தாண்டுமா? கத்தினோம். அத்தை எந்தத் தப்பான இடத்தில் எடுத்தாரோ அதே தப்பான இடத்தில் பிடித்தோம். இன்பசேகரன் ஐயா கழுத்து நரம்பு புடைக்க, சுருதி சுத்தமாகத் தப்பி, கண்ணீர் வழியப் பாடியதை நான் பார்த்தேன். ஐயா மன்னிக்கவேண்டும். உங்களிடம் நான் கேட்ட பாட்டுகளிலேயே அதுதான் நல்ல பாட்டு. சின்னப்பனும் இன்னும் ரெண்டு பேரும் பள்ளத்துக்குள் இறங்கி, பலகை கொடுத்து, சரிகிற மண்ணை முதுகால் தாங்கிக்கொண்டு நின்றார்கள். எங்கள் சத்தம் வந்த திசையைப் பிடித்து, முழங்கால் ஈரமாக, அத்தை ஆற்றைக் கடந்து வந்து சேர்ந்தார். மண் போட்டார். அந்தப் பிடி மண் விழுந்த சத்தம் மட்டும்தான் அன்றைக்கு மெதுவாகக் கேட்ட சத்தம்.

அப்புறம் நான் வாயை அடக்க முடியாமல் கேட்டேன். "அத்தை, நீங்களும் மாமா மாதிரியே பாடறீங்களே?"

அத்தை கையிலிருந்த மண்ணைத் தட்டவில்லை. "நான் எங்கடா அவரு மாதிரி பாடனேன்? அவருதான் என்னை மாதிரி பாடனாரு," என்றார். "கல்யாணம் ஆனப்போ அவருக்கு ஒரு பாட்டும் தெரியாது. சமையல்கட்டுல குந்திக்கினு நான் சொல்லிக் குடுத்தேன். எனக்கு வந்த லட்சணத்துல சொல்லிக் குடுத்தேன். அப்படியே புடிச்சிக்கினாரு."

கேட்டீர்களா பெரியோர்களே? சபையே திருத்தப் பார்த்தது. ஆர்மோனியம் திருத்தப் பார்த்தது. மாமா திருந்தவில்லை. எப்படித் திருந்துவார்? மனைவி சொல்லிக்கொடுத்த சுருதியிலிருந்து அந்த மனிதர் கடைசிவரை இம்மி பிசகவில்லை. சுருதி தப்பியவர் என்றோமே, தப்பியது யார்?

இனி அடக்கத்துக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு எடுக்கலாம் என்று கமிட்டியில் பேச்சு நடப்பதாகக் கேள்விப்பட்டேன். வேண்டாம் ஐயா. வாலிபர் சங்கம் இருக்கிறது. இனி இந்தச் சபையில் யார் போனாலும் நடுவில் நாங்கள் நடப்போம். முன்னால் எடுப்பதைப் பின்னால் தள்ளுவோம். அறிவிப்பைக் கூவுவோம். முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். கடைசியில் நடந்து வரும் கிழவிக்குக் கேட்கிற வரைக்கும் நிறுத்தமாட்டோம். தியோடர் மாமாவின் பெயரால் வாக்குக் கொடுக்கிறோம்.

கூட்டம் முடிவதற்கு முன்னால் ஒரு பாட்டு இருக்கிறது என்று பலகையில் எழுதியிருக்கிறது. இன்பசேகரன் ஐயா, ஆர்மோனியத்தை மூடிவிடுங்கள்.

அத்தை, நீங்க எடுத்துக் குடுங்க. எங்க எடுத்தாலும் அங்க வந்து சேருறோம்.