அம்மாவின் வலிக்குப் பத்துக்கு எட்டு

அவைக்குத் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் மேலாளர் ஐயா அவர்களே, அவருக்கு இருபுறமும் வீற்றிருக்கும் பெரியோர்களே, என்னைப் பேச அனுப்பிவிட்டு என்னைவிட அதிகமாகக் கவலைப்படும் ஆசிரியை அவர்களே, காலர் தைக்கும் கைகளே, பொத்தான் வைக்கும் கைகளே, வேலை முடிந்த களைப்போடு வந்து வரிசையாய் அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே, எல்லோருக்கும் இந்தச் சிறியவளின் பணிவான வணக்கம்.

"சத்தமா பேசு பாப்பா" என்று பின்னாலிருந்து குரல் வருகிறது. பேசுகிறேன் அத்தை. குரல் நடுங்கினால் மைக்கைக் குற்றம் சொல்லாதீர்கள். மைக் நன்றாகத்தான் இருக்கிறது.

நம் சட்டைக் கம்பெனியின் இந்த விழாவில் எனக்குக் கொடுத்த தலைப்பு உடல்நலம். காய்கறி சாப்பிடுங்கள், கைகழுவுங்கள் என்று ஆசிரியை திருத்திக் கொடுத்த பேச்சு என் பைக்குள் பத்திரமாக இருக்கிறது. இது வேறு பேச்சு. வீட்டில் எல்லோரும் உறங்கிய பிறகு போர்வைக்குள் எழுதியது. கடைசி வரிசையில் இருக்கும் என் அம்மாவுக்கே தெரியாது. அவர் முகத்தைப் பார்க்காமல்தான் பேசப் போகிறேன். பார்த்தால் நிறுத்திவிடுவேன்.

பயம் என்றால் என்ன, பெரியோர்களே? பேய்க்கதையா பயம்? பரீட்சைத்தாளா பயம்? இல்லை. காலையில் அம்மா நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டு சுவரில் சாய்ந்து நிற்பதும், "என்னம்மா?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல, நீ கிளம்பு" என்று சொல்வதும்தான் பயம். தண்ணீர்க் குவளை அவர் விரலிலிருந்து நழுவுவதும், அது தரையைத் தொடும் முன்பே அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிடுவதும்தான் பயம். தலைக்குள் ஏதோ வளர்கிறது என்று நான் நினைத்தேன். அம்மாவும் அதையேதான் நினைத்தார். ஒரே பயத்தை ஒரே வீட்டில் ஆளுக்கொரு மூலையில் ஒளித்து வைத்திருந்தோம்.

மருத்துவர் படம் எடுத்துப் பார்த்தார். "தலைக்குள்ள ஒண்ணுமே இல்லம்மா. கழுத்துத் தசை கட்டிப்போய்க் கிடக்கு. கையாலேயே அழுத்தி இளக்கணும்" என்றார். அதற்கு நரம்புத்தசைச் சிகிச்சை என்று பெயர். அதைச் செய்யும் தெரபிஸ்ட் அக்கா நம் கம்பெனியின் முதலுதவி அறைக்கே வாராவாரம் வருகிறார்.

அப்புறமென்ன, நிம்மதிதானே என்கிறீர்களா? அங்கேதான் அடுத்த பயம் உட்கார்ந்திருந்தது. ஸ்டூல் போட்டு, கையில் போனோடு, சூப்பர்வைசரம்மா உட்கார்ந்திருந்தார். அம்மாவுக்குப் பக்கத்து மெஷின் அக்கா முன்பு ஒருநாள் தோள் வலிக்கிறது என்றார். "ஓய்வு எடுங்க, கூப்பிடுறோம்" என்றார்கள். இன்றுவரை கூப்பிடவில்லை. அதனால்தான் வாசலிலேயே அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "உள்ள நீ வாயைத் திறக்கக் கூடாது. நான் வலிக்கலைன்னா வலிக்கலை. புரிஞ்சுதா?"

அம்மா கட்டிலில் குப்புறப் படுத்தார். நான் கால்மாட்டில் நின்றேன். தெரபிஸ்ட் அக்கா கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே தடவித் தேடி, ஓரிடத்தில் கட்டைவிரலை வைத்தார். அம்மாவின் உடம்பு தூக்கிப்போட்டது. "நெத்தியில தெறிக்குதா? வலி தெரியுற இடம் அது. அனுப்புற இடம் இது. பத்துக்கு எத்தனைன்னு சொல்லுங்க. ஆறைத் தாண்டக் கூடாது. தாண்டினா தசை பயந்து இன்னும் இறுக்கிக்கும்."

"ஒண்ணு போட்டுக்கோங்க மேடம்."

"ஒண்ணா? மார்க் குறைச்சுக் கேக்குற அம்மாவை இப்பத்தான் பாக்குறேன்."

சிரிக்கிறீர்கள். என் கணக்குத் தேர்வில் தொண்ணூறுக்குக் கீழே வந்தால் வீட்டை இரண்டாக்கும் அம்மா, தன் வலிக்கு மட்டும் போட்டுக்கொண்ட மதிப்பெண் ஒன்று. உண்மை என்று நம்பி அக்கா இன்னும் அழுத்தினார். "இப்ப?" "ஒண்ணுதான்." இன்னும் அழுத்தினார். அம்மாவின் முகம் கட்டிலில் முகம் வைப்பதற்கென்று இருக்கும் துளைக்குள் மறைந்திருந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் கால்கள்தான். பத்து விரல்களும் மடங்கி, உள்ளங்கால் வெளுத்து, விரிப்பைக் கவ்விப் பிடித்திருந்தன. சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் அம்மா என்ன ஆவார்? நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள், தாய்மார்களே?

"எட்டு. அம்மாவுக்கு எட்டு வலிக்குது அக்கா."

சொன்னது நான்தான். கட்டைவிரல் உடனே மேலெழுந்தது. அக்கா திட்டவில்லை. மறுபடியும் மெதுவாக வைத்தார். "மூச்சை விடுங்கம்மா. இப்ப எத்தனை?" அம்மா மூச்சை விட்டார். பிறகு, "ஆறு" என்றார். அக்கா விரலை நகர்த்தவில்லை, அழுத்தத்தைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. அப்படியே காத்திருந்தார். "இப்ப?" "அஞ்சு." "இப்ப?" "மூணு... மேடம், நெத்தியில தெறிக்கிறது நின்னுபோச்சு." முரட்டுத்தனத்துக்கு மசியாத முடிச்சு, பொறுமைக்கு இளகியது. அடுத்தடுத்த வாரங்களில் அக்கா எங்கள் வீட்டுக்கே வந்து பார்க்க, தோள், முதுகு என்று ஒவ்வொரு முடிச்சாக இளகியது. இப்போது குவளை நழுவுவதில்லை. காலையில் அம்மா சுவரைத் தேடுவதில்லை.

கைதட்டாதீர்கள். கதை இன்னும் முடியவில்லை. நான் எட்டு என்று சொன்ன அன்று மாலையே சூப்பர்வைசரம்மா அம்மாவிடம் சொன்னார்: "கொஞ்ச நாள் ஓய்வு எடுங்க, கூப்பிடுறோம்."

தலைவலி போய்விட்டது. வேலையும் போய்க்கொண்டிருக்கிறது. போன் மணி அடிக்கும்போதெல்லாம் அம்மா ஈரக்கையோடு ஓடுகிறார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

மேலாளர் ஐயா, தெரபிஸ்ட் அக்கா இன்னொன்றும் சொன்னார். "மெஷின் மேசை தாழ்வா இருக்கு. நாள் முழுக்கக் கழுத்தைக் குனிஞ்சா, நான் அவிழ்க்குறதை அந்த மேசை மறுபடி முடிச்சுப் போட்டுடும்." உங்கள் காதுக்கு வந்தது என்ன? பயத்தில் எல்லோரும் சொல்லும் வலி ஒன்று, ஒருத்திக்கு மட்டும் எட்டு. அப்படியானால் கோளாறு அந்த ஒருத்தியிடம் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? ஆனால் எல்லோருக்கும் எட்டு என்றால்? அப்போதும் கோளாறு உடம்பிலா? மேசையிலா?

தாய்மார்களே, வலிப்பவர்கள் கை தூக்குங்கள் என்று எழுதி, பிறகு அடித்துவிட்டேன். தோள் வலிக்காரர்களிடம் போய்க் கை தூக்கச் சொன்னால் எப்படி? எழுந்து நின்றால் போதும். பயமாக இருக்கும். எனக்கும் பயம்தான். பயந்த தசைதான் இறுகும் என்கிறார் அக்கா. நாம் எத்தனை காலம் இறுகிக் கிடப்பது?

யாரும் எழவில்லை. பரவாயில்லை. காத்திருக்கிறேன்.

பொத்தான் பிரிவு அத்தை எழுந்துவிட்டார். "எனக்கு ஏழு" என்கிறார். அவருக்குப் பின்னால் ஒருவர். "எனக்கு ஒம்பது, பாப்பா. ரொம்ப நாளா." அந்தப் பக்கம் இருவர். காலர் வரிசை மொத்தமும். கடைசி வரிசையில்... அம்மா.

மேலாளர் ஐயா, இத்தனை பேரையும் ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டு, யாரைக் கூப்பிடுவீர்கள்?

எனக்கு இன்னும் பயம் போகவில்லை. பேச இடம் தந்த அவைக்கும், கேட்ட காதுகளுக்கும், நிற்கும் கால்களுக்கும் என் நன்றி. வணக்கம். அத்தை, நான் படியிறங்கி அம்மாவிடம் போய்ச் சேரும்வரை யாரும் உட்கார்ந்துவிடாதீர்கள்.