ஷியோமியின் காந்தக் குச்சி

விடிகாலை ஐந்தே முக்கால்… பிப்ரவரி. ஜப்பானில், ஃபுகுவோகாவில் பல்கலைக்கழகம் குன்றின் மேல் இருக்கிறது. ஏறும் சாலையில் ஈ காக்கை இல்லை. தகேமாசா மட்டும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறான். என் தோழி ஹருனோவின் கூடப்பிறந்த அண்ணன். நெருங்கி உட்காருங்கள், இதைக் கத்திச் சொல்ல முடியாது.

அவன் ஏன் அப்படிப் போனான் என்றால்… வயிற்றெரிச்சல். ஷியோமி என்று ஒருத்தி, அவனோடு படித்தவள். எப்போதும் ஆரஞ்சு உரித்த வாசனை அவள் கையில். இருவருக்கும் ஒரே ஆய்வு. கார்பனை ஒட்டிக்கொண்டிருக்கும் ஹைட்ரஜனைக் கிளப்பிவிட்டு அந்த இடத்தில் நைட்ரஜனை உட்காரவைப்பது. ரோடியம் என்கிற உலோகம் ஒரு சிட்டிகை போட்டால்தான் நடக்கும். அவள் செய்தால் நூற்றுக்கு எண்பது தேறும். இவனுக்குப் பத்தைத் தாண்டாது.

“தகேமாசா, ஷியோமி பக்கத்துல நின்னு பாத்துக் கத்துக்கப்பா” என்பார் பேராசிரியர், எல்லார் முன்னாலும்.

“கைராசி கடையில விக்காது தகேமாசா!” என்று அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு இவனுக்குச் செரிக்கவே இல்லை.

கண்ணாடிக் குடுவைக்குள் சுழன்று கலக்குமே, வெள்ளைக் காந்தக் குச்சி… அவளுடையது முனை உடைந்தது. நொண்டும். டக்… டக்-டக். அதை அவள் மாற்றவே மாட்டாள்.

நவம்பரில் அதைத் திருடினான். அவ்வளவுதான், அவள் குடுவையில் ஒன்றும் தேறவில்லை. காரணம் புரியாமல் தூங்காமல் போராடினாள். ஒன்பதாம் நாள் தூக்கக் கலக்கத்தில் ஸ்கூட்டரில் அதே சாலையில் இறங்கினாள்… காட்டுப்பன்றி குறுக்கே வந்தது. வளைவிலேயே போய்விட்டாள்.

அவள் வேலை இவனுக்கு வந்தது. அவள் குச்சியைப் போட்டான். எண்பது! பேராசிரியர் தோளைத் தட்டினார். மார்ச்சில் முனைவர் பட்டம் கையில் இருந்த மாதிரிதான்.

பிறகு வழக்கமான ஒரு சோதனை. ரோடியமே போடாத குடுவை, உள்ளே அவள் குச்சி மட்டும். ஒன்றும் நடக்கக் கூடாது. நடந்தது… எண்பது.

“குச்சிக் கீறல்ல பழைய ரோடியம் ஒட்டிக்கிட்டிருக்கும்டா. நல்லாக் கழுவு” என்றான் பக்கத்து மேசைக்காரன்.

அமிலத்தில் கொதிக்கவைத்தான். மறுபடியும் எண்பது. அப்படியானால் பட்டம் வாங்கப்போவது இவனா, குச்சியா? பயம் பிடித்துக்கொண்டது. அன்று சாயங்காலம் குன்றடிக் குளத்தில் அதை வீசி எறிந்தான்.

மறுநாள்தான் அந்த விடிகாலை. கதவைத் திறந்தான். ஆரஞ்சுத் தோல் வாசனை… அவன் மேசையில் அவன் வைக்காத ஒரு குடுவை. உள்ளே பச்சைத் திரவம் சுழல்கிறது. குச்சி இல்லை. குனிந்து பார்த்தான். இல்லவே இல்லை.

டக்… டக்-டக்.

வேறு யாராயிருந்தாலும் ஓடியிருப்பார்கள். இவன் நின்று, வடித்து, உலர்த்தி, எடை போட்டுப் பார்த்தான். தொண்ணூற்று நான்கு.

“செத்தும் அவதான்டி முதல்ல வர்றா” என்று ஹருனோவிடம் பல்லைக் கடித்துக்கொண்டு அழுதானாம்.

பட்டம் வாங்கிவிட்டான். ஏப்ரலில் வேலையில் சேர உடல் பரிசோதனை. மருத்துவர் குழாயை நெஞ்சில் வைத்தார்… எடுத்தார். மறுபடி வைத்தார்.

“எப்பருந்து இப்படி இருக்கு?”

போன ஞாயிற்றுக்கிழமை ஹருனோ என்னையும் கேட்கச் சொன்னாள். அவன் முதுகில் காதை வைத்தேன். நொண்டியது… டக்… டக்-டக். நெஞ்சு துடிக்கிற சத்தம் எனக்குத் தெரியும்.

இது கண்ணாடியில் முட்டுகிற சத்தம்.