ஞாயித்துக்கிழமைக் கேள்வி

இல்லேம்மா, நீ தப்பா நெனச்சுண்டுட்டே. யாரையும் கொண்டுவிட வரலை. நானும் இந்தக் கொரியன் கிளாஸ்தான், அஞ்சு மாசமா. நீ போன்ல அம்மாவோட தமிழ்ல பேசினியா, கேட்டதும் வாய் சும்மா இருக்கலை. என் ஆத்துக்காரி அலமு போனப்பறம் லேக் கார்டன்ஸ் ஆத்துல நான் யாரோட தமிழ் பேசறது, சொல்லு?

சிரி, சிரி. பரவால்லே. கிளாஸ்ல வங்காளிப் பசங்களும் 'தாது'ன்னு, அவா பாஷைல தாத்தா, கூப்பிட்டுண்டே சிரிக்கறதுகள். அறுபத்தொம்பது வயசுல வினைச்சொல் உருப்போட்டா சிரிக்கமாட்டாளா பின்னே?

முப்பத்தாறு வருஷம் பாங்க்ல இருந்தவன் நான். விதிவிலக்குன்னா மேலேர்ந்து ஒருத்தர் கையெழுத்துப் போடணும். இந்த பாஷைல கேள்வி முறையே கிடையாதும்மா! சூடுக்குத் தொப்தாங்கறான். வாக்கியத்துல வெச்சா தொவொயோவாம். நடுவுல இருந்த எழுத்தை யார் தூக்கிண்டு போனா? நான் ரூல்படி தொபொயோன்னேன், கிளாஸே உருண்டுது. சூடு, குளிர், வலி, இதுக்கெல்லாம்கூட இன்னிக்கு ஒரு ரூபம், நேத்திக்கு ஒரு ரூபம்.

சீரியல் பாக்கறதுக்கா? நானா? நன்னாருக்கு. என் பையன் ரஞ்சன் பூசான்ல கப்பல் கட்டற கம்பெனில இருந்தான். அந்த ஊர்ப் பொண்ணையே பண்ணிண்டான். ஹேஜின்னு பேர். தங்கமான பொண்ணு. ஞாயித்துக்கிழமை தவறாம வீடியோல வருவா. சாப்டாச்சான்னு அவ தமிழ்ல கேப்பா, நான் கொரியன்ல கேப்பேன். தட்டைத் தூக்கிக் காட்டிப்போம். அதுக்கு மேல ரெண்டு பேருக்கும் பாஷை கிடையாது.

போனே மொழிபெயர்க்குமா? தெரியும்மா. அதுல ஒருத்தி, மெட்ரோல அடுத்த ஸ்டேஷன் சொல்றாளே, அந்தக் குரல்ல பேசறா. நான் கேக்கவேண்டியதை அந்தக் குரல்ல கேக்க முடியாது.

ஒரே ஒரு வார்த்தைதான். போன வருஷம் ரஞ்சன் பதினோரு நாள் ஆஸ்பத்திரில கிடந்தான். எனக்கு விசா வரத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சுடுத்து. கூட இருந்தவ ஹேஜின் ஒருத்திதான். அபாஸ்ஸொயோ? வலிச்சுதான்னு அர்த்தம்.

அது மூணாம் மாசமே தப்பில்லாம வந்துடுத்தும்மா. ஞாயித்துக்கிழமை குளிச்சு, நல்ல சட்டையாப் போட்டுண்டு, இன்னிக்குக் கேட்டுடணும்னுதான் உக்காருவேன். அவ முகம் வரும். சாப்டியாம்மான்னு கேட்டுட்டு வெச்சுடறேன்.