மூன்று விரல் கோணல்

உங்கள் அலுவலக ஏ.சி.யின் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை, தம்பி. கிர்ர் என்று ஆரம்பித்து, ஒரு நொடி யோசித்துவிட்டு, மறுபடி கிர்ர் என்கிறது பாருங்கள். உள்ளே கெப்பாசிட்டர் சாகக் கிடக்கிறது. அதிர்ஷ்டம் இருந்தால் இன்னும் இரண்டு வாரம் ஓடும். ஒரு ஸ்க்ரூ டிரைவர் கிடைத்தால் நானே பார்த்துவிடுவேன், ஆனால் இங்கே அதை என் கையில் தர மாட்டீர்கள். ஷெரிஃபிடம் சொல்லியாவது வையுங்கள்.

மேவிஸ் எப்படி இறந்தாள் என்று கேட்டீர்கள். சொல்கிறேன், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் டிரெய்லரில் நிரந்தரமாகக் குடியிருப்பது என்றால் என்னவென்று தெரியாமல் கேட்டால் நான் ஏதோ கொடுமைக்காரி மாதிரி தோன்றும். அதனால் கொஞ்சம் பின்னால் இருந்து ஆரம்பிக்கிறேன்.

உங்கள் வீட்டை மாதம் ஒரு தடவை நிலநடுக்கம் உலுக்கினால் என்ன ஆகும்? பிக்கப் வண்டியின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு எங்கள் வீடு ஊர் மாறும்போது அதுதான் நடக்கிறது. வந்து நின்று கதவைத் திறந்தால் சாப்பாட்டுத் தட்டில் நாலு திருகாணி கிடக்கும், எதிலிருந்து கழன்றது என்று கண்டுபிடிக்க ஒரு வாரம். பம்பு ஓடாது, ஹீட்டர் பற்றாது, அடுப்பு பற்றினால் அணையாது. என் கணவர் ஓர்வில் இருபத்தைந்து வருடம் மெக்கானிக்காக இருந்தவர். டிரெய்லரில் கிளம்பிய நாலாவது வருடம் அவர் போய்ச் சேர்ந்தார். அவருடைய கருவிப்பெட்டியும், பக்கத்தில் நின்று டார்ச் அடித்தே நான் கற்றுக்கொண்ட வேலையும் மிச்சம். அதே வருடம் பிக்கப்பின் இன்ஜினும் இறுகிப்போனது. ஃப்ரிட்ஜ், ஹீட்டர் எல்லாம் என் கைக்கு அடங்கும், இன்ஜின் அடங்காது. அன்று நின்ற இடத்தில்தான் என் டிரெய்லர் இன்னும் நிற்கிறது, அரிசோனா பாலைவனத்தில், ஊரிலிருந்து நாற்பது மைல் தள்ளி, போன் சிக்னல்கூட எட்டாத இடத்தில்.

குளிர்காலத்தில் அங்கே அறுபது டிரெய்லர் வரும். வடக்கே பனி கொட்டும்போது வெயில் காய வருகிற கிழடுகள் எல்லாம். அப்போது நான் ராணி. காலையில் கதவைத் திறந்தால் படியில் ஒருவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். "ஆர்டித், ஹீட்டர் மறுபடி மொறைக்குது, கொஞ்சம் வந்து பாரேன்" என்பார். பார்ப்பேன். அவர் மனைவி காப்பியும், ஆப்பிள் வைத்துச் சுட்ட பை பலகாரமும் வைப்பாள், இரண்டு மணி நேரம் பேசுவோம். வேலை பத்து நிமிடம்தான் இருக்கும்.

எதுவும் கெடாத வாரத்தில் யாரும் வர மாட்டார்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை, மனித சுபாவம் அப்படி. ஒரு ஜனவரியில் எட்டு நாள் ஒருவரும் வரவில்லை. ஒன்பதாம் நாள் மினசோட்டாக்காரர் ஒருவருடைய ஹீட்டர் ஒயரை லேசாகத் தளர்த்திவிட்டேன். எங்கள் டிரெய்லர்களில் ஹீட்டர், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் வெளிப்பக்கம் இருக்கிற சின்னக் கதவுகளுக்கெல்லாம் ஒரே சாவி, தெரியுமா உங்களுக்கு? எந்த மாநிலத்தில் வாங்கினாலும் அதே நம்பர் சாவிதான். எல்லோருக்கும் தெரியும், யாரும் மாற்றுவதில்லை. பக்கத்து வண்டிக்காரரைச் சந்தேகப்பட்டால் இந்த வாழ்க்கையே நடக்காது. மறுநாள் அவர் தொப்பியோடு வந்து நின்றார். அன்று கிடைத்தது பூசணிப் பை. அதற்கப்புறம் அவ்வப்போது, தேவைப்பட்டால் மட்டும்.

ஏப்ரல் முடிவதற்குள் அறுபதும் கிளம்பிவிடும். போன கோடையில் நான் ஒருத்திதான் அங்கே. சனிக்கிழமை தண்ணீர் லாரிக்காரர் வருவார், தொட்டியை நிரப்புவார், கையை ஆட்டுவார், அவ்வளவுதான். ஜூலையில் ஒரு நாள் என் ஃப்ரிட்ஜைப் பார்த்து, "ஏன் உம்முனு இருக்கே?" என்று கேட்டேன். பதிலுக்காகக் காத்திருந்தேன் என்பது கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. அன்று எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. இன்னொரு கோடையை அப்படிக் கழிக்க என்னால் முடியாது, தம்பி.

அந்த நவம்பரில் மேவிஸ் வந்தாள். எழுபது வயது, ஐடஹோவில் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டியவள், சிரித்தால் மூன்று டிரெய்லர் தள்ளிக் கேட்கும். சின்ன வயதிலிருந்தே சர்க்கரை வியாதி, இன்சுலின் போட்டுக்கொண்டே முழு வாழ்க்கையையும் ஓட்டியவள். ஏப்ரலில் எல்லோரும் போனபோது அவள் போகவில்லை. இருந்துவிடுவாள் என்று நினைத்தேன். மே முதல் வாரம் காப்பி குடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

"ஷெல்பி கூப்புடுறா. என் மகதான், ஓரிகன்ல இருக்காளே, அவ. டிரெய்லர வித்துட்டு அங்கயே இருந்துடலாம்னு பாக்குறேன். நீயும் வாயேன்டி. மாடில ஒரு ரூம் சும்மாதான் கெடக்கு."

"அந்த வீட்டுல ஃப்ரிட்ஜு, வாஷிங் மெஷினெல்லாம் எப்படி?" என்று கேட்டேன்.

"போன வருஷந்தான் எல்லாத்தையும் புதுசா மாத்தினா. ஒண்ணத் தொட வேணாம், தானா ஓடும்."

அப்படிப்பட்ட வீட்டில் நான் என்ன செய்வது? யார் படியில் வந்து தொப்பியோடு நிற்பார்கள்? யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்கவும் செய்தேன்.

எங்கள் ஃப்ரிட்ஜ் கேஸில் ஓடுவது. பின்னால் சின்னதாக ஒரு தீ எரிந்தால் முன்னால் ஐஸ் பிடிக்கும். கேஸ் வாடை என்றால் மண்குளவிக்கு உயிர். பர்னர் குழாய்க்குள் புகுந்து கூடு கட்டிவிடும், தீ பற்றாது. பாலைவனத்தில் இதைவிடச் சாதாரணமான ரிப்பேர் கிடையாது. நான் வருடக்கணக்காகச் சுரண்டி எடுத்த கூடுகளை ஒரு காப்பி டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். நீங்கள் எடுத்துப்போன டப்பா அதுதான். மேவிஸ் ஊருக்குச் சாமான் வாங்கப் போன அன்று, பட்டப்பகலில், என் சாவியால் அவள் ஃப்ரிட்ஜின் வெளிக்கதவைத் திறந்து ஒரு கூட்டைப் பர்னர் குழாய்க்குள் தள்ளினேன். ஒரு வாரம் தாமதமானால் மனசு மாறிவிடுவாள் என்று கணக்கு.

சாயங்காலமே வந்து நின்றாள். "ஃப்ரிட்ஜுப் பெட்டி செத்துருச்சுடி. என் மருந்து என்ன ஆகும்?"

பின்னால் போய் நிறைய நேரம் தட்டிப் பார்த்தேன். உள்ளே ஒரு போர்டு போய்விட்டது, இண்டியானாவிலிருந்து பார்சலில் வர வேண்டும் என்றேன். அதுவரை இன்சுலின் என் ஃப்ரிட்ஜில் இருக்கட்டும் என்றேன். ஐஸ் பெட்டியில் போட்டுக்கொண்டு ஓரிகன் வரை ஓட்டிவிடலாமா என்று கேட்டாள். ஐஸில் உறைந்தால் இன்சுலின் கெட்டுவிடும் என்றேன். அது உண்மைதான், எந்த மருந்துக்கடையிலும் கேட்டுப் பாருங்கள்.

அதற்கப்புறம் இரண்டு வாரம் எப்படிப் போனது தெரியுமா? காலை ஏழு மணிக்கு வருவாள், ஊசி போட்டுக்கொள்வாள், முட்டையும் ரொட்டியும் சாப்பிடுவோம். சாயங்காலம் ஆறு மணிக்கு மறுபடி வருவாள், சீட்டு ஆடுவோம். சீட்டில் அப்பட்டமாக ஏமாற்றுவாள், பிடித்தால் அந்தச் சிரிப்பு சிரிப்பாள். என் வாழ்க்கையில் ஓர்வில் இருந்த நாட்களையும் சேர்த்துச் சொல்கிறேன், அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

இங்கேதான் என் முட்டாள்தனம். பார்சல் ஏன் இன்னும் வரவில்லை என்று அவள் நச்சரித்தாள். சும்மா உட்கார்ந்திருந்தால் நன்றாக இருக்காதே என்று, "உன் வண்டி மட்டமா நிக்கல, அதான் போர்டு போயிருக்கும்" என்று சொல்லி, ரசமட்டத்தை வைத்துப் பார்க்கிற பாவனை காட்டி, என் டிரெய்லரின் சக்கரத்துக்கு அடியில் இருந்த பலகைகளில் இரண்டை உருவி அவளுடையதற்குக் கொடுத்தேன். நாடகத்துக்குப் பலகை வேண்டுமே. என் வண்டி மூன்று விரல் சாய்ந்தது. எங்கள் ஆட்கள் எங்கே போய் நின்றாலும் காப்பிக்கு முன்னால் ரசமட்டத்தைத்தான் எடுப்பார்கள், ஏனென்றால் கோணலாக நின்றால் இந்த ஃப்ரிட்ஜ் உள்ளே தானாக வெந்து சாகும். ஊருக்கெல்லாம் இதைப் பாடம் எடுத்தவள் நான். அடுத்த செவ்வாய்க்கிழமை காலை என் ஃப்ரிட்ஜைத் திறந்தேன், அம்மோனியா வாடை மூக்கில் அறைந்தது. பின்னால் மஞ்சள் பொடி வழிந்திருந்தது. அது வந்தால் வந்ததுதான், சரிசெய்யவே முடியாது. அங்கே யாரும் எதையும் தளர்த்தவில்லை, எந்தக் குளவியும் வரவில்லை. நிஜமான ரிப்பேர்.

அவளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அன்றைக்கே கிளம்பிப் போயிருப்பாள்.

வெளியே நூற்றுப் பத்து டிகிரி, மூடிய பெட்டிக்குள் அதற்குக் குறையாது. எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பாட்டிலை ஈரக் காலுறைக்குள் போட்டு நிழலில் காற்றில் தொங்கவிட்டால் கால் மணி நேரத்தில் குளிர்ந்துவிடும். அவ்வளவு வறண்ட காற்று. நாள் முழுக்க நனைத்து நனைத்துத் தொங்கவிட்டிருந்தால் அந்த இன்சுலின் கெட்டிருக்காது, அது எனக்குத் தெரியும். ஆனால் மேவிஸின் ஜன்னல் என் பக்கம் பார்த்துத்தான் இருந்தது. காலுறை தொங்குவதைப் பார்த்தால் புரிந்துகொள்ள மாட்டாளா? அதனால் அவள் வருவதற்குக் கால் மணி நேரம் முன்னால் மட்டும், டிரெய்லருக்குப் பின்னால், அவளுக்குத் தெரியாத பக்கம் தொங்கவிட்டேன். மிச்ச நேரம் அது செத்த பெட்டிக்குள்ளேயே கிடந்தது. காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை, ஒன்பது நாள் தவறாமல் இதைச் செய்தேன்.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, சர்க்கரை பார்க்கிற மிஷினை எடுத்துக்கொண்டு வந்தாள். உதடு காய்ந்திருந்தது, உட்கார்ந்ததும் ஒரு ஜாடித் தண்ணீரைக் குடித்தாள்.

"இது நானூறுனு காட்டுது. மிஷின் ரிப்பேரா, நான் ரிப்பேரா? நீதான் மெக்கானிக்கு, பாத்துச் சொல்லு."

வாங்கிப் பார்த்தேன். பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். சூட்டில் இந்த மாதிரி மிஷின்கள் தாறுமாறாகத்தான் காட்டும் என்றேன். அவள் உடனே நம்பினாள். ரிப்பேர் விஷயத்தில் என் பேச்சை யாரும் மறுத்துப் பேசியதில்லை.

"நல்ல வேள. நான்தான் போயிட்டேனோனு பயந்துட்டேன்" என்று சொல்லிச் சீட்டைக் கலைத்தாள். அன்று ஏமாற்றவில்லை. அது எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

புதன்கிழமை வாந்தி எடுத்தாள். வியாழன் காலை படுக்கையை விட்டு எழவில்லை. மூச்சு ஆழமாக, வேகமாக வந்தது, வாயில் அழுகிய பழ வாடை. அவளுடைய பிக்கப்பின் சாவி மேஜையில் இருந்தது, எனக்கு ஓட்டத் தெரியும், நாற்பது மைல் பெரிய தூரமும் இல்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தால் ஷெல்பிக்குப் போன் போகும், அவள் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவாள். நான் சாவியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அப்புறம் போய் ஊசியைக் கொண்டுவந்தேன், நேரப்படி போட்டுவிட்டேன், ஈரத் துண்டால் நெற்றியைத் துடைத்தேன். "நீ இல்லேன்னா என்னடி பண்ணியிருப்பேன்" என்றாள். மதியம் இரண்டு மணிக்கு மூச்சு நின்றது.

தண்ணீர் லாரி சனிக்கிழமைதான் வரும். அதுவரை கூடவே இருந்தேன். வெள்ளிக்கிழமை கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் அவளுடைய பர்னர் குழாயிலிருந்து குளவிக் கூட்டை எடுத்துவிட்டேன். பத்து நிமிட வேலை. உடனே பற்றிக்கொண்டது, சாயங்காலத்துக்குள் ஐஸ் பிடித்தது. சரிசெய்து தருகிறேன் என்று சொல்லியிருந்தேனே, சொன்ன வார்த்தையைக் காப்பாற்ற வேண்டாமா? அதனால்தான் நீங்கள் வந்து திறந்து பார்த்துவிட்டு, "இவங்க பெட்டிதான் நல்லா ஓடுதே, அப்புறம் மருந்து ஏன் உங்ககிட்ட இருந்துச்சு?" என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. உங்களுக்கு மெக்கானிக் வேலைக்கு ஏற்ற மூளை.

ஆமாம், நான்தான் செய்தேன். குளவிக் கூடும் நான்தான், பார்சல் பொய்யும் நான்தான், சாவியை எடுக்காததும் நான்தான். எங்கே சொல்கிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன். ஷெல்பி வெளியே உட்கார்ந்திருக்கிறாள் என்றார்கள். அவளிடம் ஒன்றை மட்டும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அம்மாவை நான் சரியாகக் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொள்வாள். அந்த ஒன்பது நாளில் ஒரு வேளைகூட நான் மேவிஸிடம் மருந்தைச் சூடாகக் கொடுத்ததில்லை. அவள் கையில் வாங்கும்போதெல்லாம் ஜில்லென்றுதான் இருந்தது.