திருஷ்டிப் பானைக்கு வைத்த முகம்

பிள்ளைகளே, போன வாரம் கள்ளக்குறிச்சி பஸ்ஸில் என் காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறேன். நைனார்பாளையத்தில் ஏறிய ஒரு புருஷனும் பெண்சாதியும் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். ஊர்க்கண் படாமலிருக்க, கட்டுகிற வீட்டில் கோரமாய் முகம் வரைந்து தொங்கவிடுவோமே, அந்தத் திருஷ்டிப் பானை அந்த அம்மாவின் மடியில் இருந்தது. அதில் வரைந்திருந்ததோ சிரித்த முகம்.

"இன்னாடி இது? இந்தப் பானைக்கே திருஷ்டி கழிக்கணும் போல இருக்குதே" என்றார் அவர்.

"அவ்ளோ நல்லாவா இருக்குது?"

"நல்லா இருக்கறதுதான்டி தப்பு. நாளைக்கு வூட்டுக்கு தளம் போடறோம். இத மாட்டினா ரோட்டுல போறவன் பூரா நின்னு பாப்பான். மொத்த கண்ணும் நம்ம வூட்டு மேலதான்."

"கோரமா வரையத்தான்யா உக்காந்தேன். மொதல்ல கண்ண வெச்சேன். அது என்னையே பாத்துகினு இருந்துச்சு. அப்புறம் கோரப்பல்லு வெக்க கை வரல."

"குடு, நான் கரியால வெச்சுடறேன்."

அந்த அம்மா பானையை முந்தானையால் மூடிக்கொண்டார்.

"கைய எடுய்யா. பொறந்ததுல இருந்து ஊரான் கொல்லையில களை எடுத்த கை இது. எனக்குன்னு செஞ்சது இது ஒண்ணுதான்."

"அப்ப வூடு?"

"இது வூட்டுக்குள்ள இருக்கட்டும், நான் பாத்துக்கினு இருப்பேன். வெளிய மாட்ட வேற பானை வாங்கி நீ வரை."

"எனக்கு வரையவே தெரியாதேடி!"

"தெரியாம வரைஞ்சா பயமாத்தான் வரும். அதான் உன்ன வரைய சொல்றேன்."